விடுபட்ட வரிகள்: காரைக்கால் சொல்தாக்களின் பணிப்பதிவேடுகள்

காரைக்கால், புதுச்சேரி வட்டாரப் பேச்சில் 'சொல்தா' என்ற சொல் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஊர் திரும்பியவரை அது குறிக்கும். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால் 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1914 முதல் 1962 வரை பிரான்சு நடத்திய நான்கு பெரும் போர்களிலும் பிரெஞ்சிந்தியர் பங்குகொண்டனர். முதல் உலகப்போரில் இறந்தோரின் நினைவாக எழுப்பப்பெற்ற சின்னம் 1938இல் புதுச்சேரிக் கடற்கரையில் திறக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்ததும் இங்கிருந்து தொண்டர்கள் சுதந்திர பிரெஞ்சுப் படைக்குச் சென்றனர். அதன்பின் இந்தோசீனா, அதன்பின் அல்ஜீரியா.

இவர்கள் பெற்ற பதக்கங்களைப் பற்றி நினைவுக்கூட்டங்களில் பேசக் கேட்கிறோம். பெற்றிருக்கவேண்டிய, ஆனால் பெறாமல் போன பதக்கங்களைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஒருவருடைய பணிப்பதிவேட்டில் பதக்கம் விடுபட்டிருந்தால் அவருடைய வீரத்தில் ஏதோ குறை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். பெரும்பாலும் மூன்று சொற்களில் ஒன்று பிழைபட்டிருக்கும்: ஆளின் பெயர், அவர் நின்ற படைப்பிரிவின் பெயர், அல்லது அந்தப் போரின் பெயர். எனவே பதிவேட்டுத் திருத்தம் என்பது நம்போன்ற தமிழ் படித்தவர்க்கு நன்கு பழக்கமான ஒரு வேலை. அது பாடத்திருத்தம்.

ஏடு

பிரெஞ்சுப் படையில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் உண்டு. அதை 'மத்ரிக்குல்' என்பர். அவ்வெண்ணின்கீழ் ஒரு தாள் திறக்கப்படும். பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், உயரம், கண்ணின் நிறம், தழும்பு முதலியன மேலே இருக்கும். சேர்ந்த பிரிவு, மாறிய பிரிவு, பதவி உயர்வு, சென்ற போர்க்களங்கள், பட்ட காயங்கள், பாராட்டாணைகள், பதக்கங்கள் ஆகியன கீழே வரிசையாக எழுதப்படும். இத்தாளின் சுருக்கப்படியே பின்னாளில் ஒருவர் எங்கும் காட்டவேண்டிய பணிச்சான்று. இந்தப் படைப்பணியாளர் ஆவணங்களின் பெருந்தொகுதி பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்து 'போ' நகரில் இருக்கிறது.

பதக்கங்கள் பல வகை. 1852இல் ஏற்பட்ட 'மெதாய் மிலித்தேர்' சாதாரணப் படைவீரர்க்கும் கீழ்நிலைத் தளபதிகளுக்கும் உரியது. 1915 ஏப்ரலில் உருவான 'குருவா த கேர்' என்னும் போர்ச்சிலுவை, பாராட்டாணையில் பெயர் குறிக்கப்பெற்றவர்க்குக் கிடைப்பது. 1930இல் ஏற்பட்ட போராளர் சிலுவையை அணிய, 'போராளர் அட்டை' பெற்றிருக்கவேண்டும். இந்தோசீனப் போருக்கென ஒரு நினைவுப்பதக்கம் 1953இல் ஏற்படுத்தப்பட்டது.

மெதாய் மிலித்தேர் பெற்றவருக்கு அதற்கென வழங்கப்படும் தொகை ஆண்டுக்கு 4.57 யூரோ. பழைய முப்பது பிராங்கின் இன்றைய கணக்கு அது. இந்தத் தொகைக்காக எவரும் நடையாய் நடக்கப்போவதில்லை. ஆனால் போராளர் அட்டை அப்படியன்று. அதை வைத்திருப்பவருக்கு முதுமையில் ஒரு தனி உதவித்தொகை உண்டு. அவர் இறந்தபின் அத்தொகை மனைவிக்குத் தொடராது என்றாலும், முன்னாள் போர்வீரர் நலனைக் கவனிக்கும் தேசிய அலுவலகத்தின் உதவிகளைக் கேட்கும் உரிமை அவருக்கு வருகிறது. ஆகவே சிலுவையைப் பற்றிய ஒரு வரி விடுபட்டிருந்தால், அதன் பின்னால் ஒரு விதவையின் மருத்துவச் செலவும் விடுபட்டிருக்கலாம்.

பெயர்

முதற்பிழை பெயரில். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஆளுக்கு இரண்டு கட்டங்கள்: ஒன்று குடும்பப்பெயர், மற்றொன்று இடுபெயர். தமிழனுக்கு இருந்ததோ ஒரே பெயர். முன்னால் தந்தையின் பெயர்.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை பிரெஞ்சிந்தியர்க்கு ஒரு வழியைத் திறந்தது. தம் சமய, சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்போர், ஒரு குடும்பப்பெயரையும் ஏற்கவேண்டும். இவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தமக்குத் தேர்ந்துகொண்ட பெயர் 'லா போர்த்'. வாசல் என்று பொருள். இவ்வாறு துறந்தோர்க்கு இரண்டு கட்டங்களும் நிரம்பின. துறவாதோரின் தாளில் எழுத்தர் தம் விருப்பப்படி நிரப்பினார்.

எடுத்துக்காட்டாக, சின்னத்தம்பி மகன் கிருஷ்ணசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்தர் சின்னத்தம்பியைக் குடும்பப்பெயராக எழுதுவார். வேறோர் ஊரில் வேறோர் எழுத்தர் கிருஷ்ணசாமியைக் குடும்பப்பெயராக எழுதுவார். அகரவரிசையில் இருவரும் வெவ்வேறு பக்கத்தில் போய் அமர்ந்துகொள்வர். கிருஷ்ணசாமி பிரெஞ்சு எழுத்தில் 'கிச்செனசாமி' ஆகிவிடும். படைமுகாமில் அதன் பின்பாதி உதிர்ந்து வெறும் 'சாமி' ஆகவும் கூடும். பாராட்டாணை 'சாமி'க்கு வந்திருக்கும். பதிவேடு கிச்செனசாமியுடையது. இரண்டையும் இணைக்க மத்ரிக்குல் எண் ஒன்றே உதவும். ஆணையில் அந்த எண் இல்லாவிட்டால், வீரச்செயல் ஒருவரிடமும் ஏடு ஒருவரிடமும் தங்கிவிடும்.

இதில் குடியுரிமைச் சிக்கலும் சேர்ந்தது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுக்கு அளிக்கும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஆறு மாத காலத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தனர். அப்பொழுது எழுதிக்கொடுத்த பெயரும் படையில் எழுதப்பட்ட பெயரும் ஒத்திருக்கவேண்டும் என்று அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? கோயிலில் நடந்து பதிவுபெறாமல் போன திருமணங்களும் உண்டு. கணவர் இறந்தபின் மனைவி தன்னை மனைவி என்று மெய்ப்பிக்கவே பாடுபடவேண்டியிருந்தது.

பிரிவும் நாளும்

இரண்டாம் பிழை படைப்பிரிவின் பெயரில். போராளர் அட்டைக்கான அடிப்படை விதி, 'போரிடும் பிரிவு' என ஏற்கப்பட்ட ஒன்றில் தொண்ணூறு நாள் இருந்திருக்கவேண்டும் என்பது. போரில் காயம்பட்டவர்க்கும் தனிப் பாராட்டாணை பெற்றவர்க்கும் இந்நாள் கணக்கு வேண்டியதில்லை. எந்தப் பிரிவு எந்த நாள்முதல் எந்த நாள்வரை போரிட்டது என்பதற்குப் படை வரலாற்றுத் துறை வகுத்த பட்டியல்கள் உள்ளன.

ஒருவர் பெயரளவில் கிடங்குப் பிரிவில் இருப்பார். காவற்படையோடு அனுப்பப்பட்டு மாதக்கணக்கில் காட்டுப்பாதையில் வண்டிகளுக்குத் துணைபோயிருப்பார். அந்த இடைக்கால மாற்றத்தை எழுத்தர் பதியவில்லை என்றால் ஏட்டில் அவர் கிடங்கிலேயே இருந்தவர். தொண்ணூறு நாளில் ஒரு நாள் குறைந்தாலும் அட்டை இல்லை. அட்டை இல்லையேல் சிலுவை இல்லை. சில பதக்கங்களுக்கோ காலக்கெடுவே முடிந்துபோயிற்று. தெகோல் நிறுவிய விடுதலைச் சிலுவையின் பட்டியல் 1946 சனவரி 23ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் எவ்வளவு ஆதாரம் கிடைத்தாலும் பழைய போர்வீரர் ஒருவரை அதில் சேர்க்க இயலாது.

போரின் பெயர்

மூன்றாம் பிழை எழுத்தருடையதன்று, அரசுடையது. அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்ததைப் பிரான்சு பல்லாண்டுகள் போர் என்று சொல்லவில்லை. 'பாதுகாப்பு, ஒழுங்கு காத்தல் நடவடிக்கைகள்' என்பதே ஏட்டுப்பெயர். அக்காலத்தில் வழங்கிய நினைவுப்பதக்கத்தின் பெயரும் அதுவே. போர் இல்லாத இடத்தில் போராளர் எப்படி இருக்கமுடியும்? அல்ஜீரியா சென்றவர்க்குப் போராளர் அட்டைக்கான வழி 1974 டிசம்பரில்தான் சட்டமாயிற்று. 'அல்ஜீரியப் போர்' என்ற சொல்லைச் சட்டம் ஏற்றது 1999 அக்டோபர் 18இல். ஒரு சொல்லுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் இறந்துபோன காரைக்கால்காரரின் ஏட்டில் அவர் போருக்குப் போனதாகவே இராது.

அரசின் சொல் ஒருவருடைய பணியின் மதிப்பை எப்படி மாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1959 டிசம்பர் நிதிச்சட்டம், முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த படைவீரரின் ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே உறையவைத்தது. ஒரே அகழியில் நின்ற இருவரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் தொகை விலைவாசியோடு ஏறியது, மற்றவருடையது நின்றுவிட்டது. செனகலைச் சேர்ந்த அமதூ தியோப் தொடர்ந்த வழக்கில் பிரெஞ்சு ஆட்சிமன்ற உயர்நீதி அமைப்பு 2001 நவம்பர் 30இல் இதைத் தவறென்றது. அரசியலமைப்பு மன்றம் 2010 மே 28இல் மீண்டும் தவறென்றது. 2011 சனவரி முதல்தான் முழுச் சமன்பாடு வந்தது. தியோப் அதற்கு முன்பே, வழக்கு முடியுமுன்பே இறந்திருந்தார்.

எரிந்தவை, நனைந்தவை

பிழையாக எழுதப்பட்ட ஏட்டைத் திருத்தலாம். ஏடே இல்லையென்றால்? 1940 செப்டம்பரில் லண்டன் மீது செர்மானியர் குண்டு வீசியபோது, முதல் உலகப்போர் வீரர்களின் பணிப்பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்தது. தப்பியவை கருகியும் நீரில் ஊறியும் கிடைத்தன. ஆய்வாளர் அவற்றை 'எரிந்த ஆவணங்கள்' என்றே குறிக்கின்றனர். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர ஆவணக் காப்பகத்தில் 1973 சூலை 12இல் பிடித்த தீயில் 1.6 கோடிமுதல் 1.8 கோடிவரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன.

நம் கடற்கரையில் அந்தப் பணியைச் செய்தது தண்ணீர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்கால் கடலோர ஊர்களுக்குள் புகுந்தது. கிளிஞ்சல்மேடும் அவற்றுள் ஒன்று. உயிரிழப்பின் முன் காகிதத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேசக்கூடிய நேரமும் அன்று. ஆனால் தகரப்பெட்டிகளோடு போனவை பல: குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், படகு உரிமம். உள்ளூர் அலுவலகம் தந்தவற்றை உள்ளூர் அலுவலகமே மீண்டும் எழுதித் தரலாம். பிரெஞ்சுப் படையின் பணிக்கையேட்டையோ காயத்திற்கு மருத்துவமனை கொடுத்த சீட்டையோ இங்குள்ள எந்த அலுவலகமும் மறுபடி எழுத முடியாது. கிளிஞ்சல்மேடு போன்ற உவர்க்காற்று ஊர்களில் பேரலை வராமலே ஒரு தாள் ஐம்பது ஆண்டு தாங்குவது அரிது. மடிப்பில் கிழிந்து, மை பரவி, கடைசியில் எண் இருக்கும் மூலைதான் முதலில் உதிரும்.

பிறர் செய்த திருத்தங்கள்

காலம் கடந்த திருத்தங்கள் நடவாதவை அல்ல. ஹென்றி ஜான்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பின வீரர் 1918 மே மாதத்தில் ஆர்கோன் காட்டில் பிரெஞ்சுப் படையின்கீழ் போரிட்டு இருபத்தொரு காயம் பட்டார். பிரான்சு அவருக்குப் போர்ச்சிலுவை அளித்தது. அவர் சொந்த நாடு கொடுத்த விடுவிப்புச் சான்றிலோ காயம் பற்றிய குறிப்பே இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை. அவர் 1929இல் வறுமையில் இறந்தார். காயத்திற்கான பதக்கம் 1996இலும், அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் 2015இலும் வந்தன. அவருடைய வீரத்திற்குப் பிரெஞ்சு ஏடு சான்றாக இருந்தது. அமெரிக்க ஏடு மௌனமாக இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்களால்தான் திருத்தம் நடந்தது.

பிரான்சிலும் அண்மையில் ஒன்று நடந்தது. செனகலின் தியாரொய் முகாமில் 1944 டிசம்பர் 1இல், தமக்குரிய சம்பளப் பாக்கியைக் கேட்ட ஆப்பிரிக்க வீரர்கள் பிரெஞ்சுப் படையாலேயே சுடப்பட்டனர். அவர்களுள் ஆறு பேரின் ஏட்டில் 'பிரான்சுக்காக இறந்தவர்' என்ற குறிப்பைச் சேர்க்க 2024இல் முடிவாயிற்று. எண்பது ஆண்டுக்குப்பின் ஏட்டின் ஓரத்தில் ஒரு வரி சேர்ந்தது. முன்னாள் பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பேணும் ஆணையமும் 2021 ஏப்ரலில் தன் ஆய்வறிக்கையில், ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்குக் குறையாமல், மூன்றரை லட்சம் வரையிலும்கூட, முதல் உலகப்போரில் இறந்தவர்கள் பெயரின்றியோ நினைவுச்சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்.

பதிப்பாசிரியர் வேலை

இனி, காரைக்கால் குடும்பம் ஒன்று என்ன செய்யலாம்? உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் தெளிவாக இருந்தது. இங்கும் அதுவே முறை.

பணிச்சுருக்கம் ஒரு சுவடி. அதைப் போ நகரக் காப்பகத்தில் கேட்டுப் பெறலாம். படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிவைத்த நடவடிக்கைக் குறிப்பேடு இரண்டாம் சுவடி. பாரிசை அடுத்த வேன்சேன் கோட்டையிலுள்ள படை வரலாற்றுத் துறையில் இருப்பது. பதக்க ஆணைகள் வெளியான அரசிதழ் மூன்றாம் சுவடி. பிறப்பு, திருமண ஏடுகள் நான்காவது; வெளிநாட்டிலும் முன்னாள் குடியேற்றங்களிலும் பதிவான பிரெஞ்சுக் குடிமக்களின் ஏடுகளை நாந்த் நகர மையம் 1965முதல் பேணுகிறது. பெயர்த்திருத்தம் வேண்டுவோர் அந்நகர அரசு வழக்குரைஞரை அணுகவேண்டும். முதல் உலகப்போரில் இறந்தவர்களின் அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003இல் இணையத்தில் வைத்தது. அவற்றில் பிறந்த ஊரின் பெயரை 'காரிக்கால்' என்ற பிரெஞ்சு ஒலிப்பில் தேடவேண்டும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

திருத்தம் கேட்பவர் தம் விண்ணப்பத்தில் வீரத்தை வருணிக்கவேண்டியதில்லை. எந்த ஏட்டில், எந்த வரியில், என்ன சொல் இருக்கிறது. எந்த ஏட்டின்படி அது என்னவாக இருக்கவேண்டும். இவ்வளவே போதும். வரிசையில் முதலில் திருந்தவேண்டியது பெயர். பெயர் ஒன்றானால் பாராட்டாணை வந்து சேரும், பிரிவும் நாளும் அடுத்து, பதக்கம் கடைசியில். பதக்கத்திலிருந்து தொடங்கும் விண்ணப்பங்கள் பெயரில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

'இத்தனை காலத்திற்குப்பின் எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. ஐரோப்பியன் எழுதிய ஏட்டில், ஐரோப்பியனுக்காகப் போரிட்டவனின் புகழை நாம் ஏன் திருத்தவேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. வியத்நாமியரையும் அல்ஜீரியரையும் அடக்கச் சென்ற படையில் நின்றதைப் பெருமை என்று சொல்ல இக்கட்டுரைக்கு விருப்பமில்லை. ஆனால் நம்மவர் அங்கு நின்றது உண்மை. பிழையான ஏட்டை அப்படியே விட்டுவிட்டால் பெருமை மட்டுமா மறையும்? பொறுப்பும் மறையும். குடியேற்ற அரசு யாரைக் கொண்டு யாரை அடக்கியது என்ற கணக்கை எழுதுவதற்கும் அந்தப் பெயர்கள் சரியாக இருக்கவேண்டும்.

தமிழ்மரபு இதை அறியாததன்று. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகளை வகுத்திருக்கிறது; கல்லைத் தேர்வது முதற்படி, வாழ்த்துவது கடைசிப்படி. செங்கம் வட்டார நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டும் ஊரும் வீரனின் பெயரும் இருக்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்த ஒரு சாதாரணச் சேவகனுக்கும் அங்கே பெயர் உண்டு. அதோடு நிற்கவில்லை. இறந்தவன் குடும்பத்திற்கு 'உதிரப்பட்டி' என நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பெயரைப் பொறிப்பதும் பிழைப்புக்கு வழிசெய்வதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாக இருந்தன. போராளர் அட்டையும் சிலுவையும் அதே உறவுடையவை.

இந்தோசீனா சென்றவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். மிகச்சிலரே எஞ்சியிருப்பர். அவர்களுடைய மனைவியர் பலர் இருக்கின்றனர். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கல்லூரி மாணவர்க்கு வரலாற்றுத் திட்டக்கட்டுரை கொடுக்கும் ஆசிரியர்கள், தெருவுக்கு ஒரு சொல்தா வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பெட்டியிலுள்ள தாள்களைப் படம்பிடித்து, முதல் வரியில் மத்ரிக்குல் எண்ணையும், அடுத்து அந்த ஆளின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துவைத்தால் போதும். பிரெஞ்சு தெரிந்த ஒருவர் மிச்சத்தைச் செய்வார். அடுத்த மழைக்காலத்திற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.